குடும்பத்தோடு ஒரு நாள் ரயில் பயணம்: காசு எங்கே கரைகிறது?

கேள்வி: நாங்கள் கும்பகோணத்தில் வசிக்கிறோம். என் கணவர் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறார். தினமும் சீசன் டிக்கெட்டில் போய்வருகிறார். வீட்டில் முழங்கால் வலியுள்ள 66 வயது மாமியார், ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் பார்த்துவரலாம் என்று திருச்சிக்குக் கிளம்பினோம். போகவும் வரவும் ஐந்து பேருக்கும் இணையத்தில் இருக்கை முன்பதிவு செய்ததில் 780 ரூபாய், ஆட்டோக்களுக்கு 550, மதியச் சாப்பாட்டுக்கு 820 ஆனது. ஸ்ரீரங்கத்தில் கூட்டம் அதிகமாக இருந்ததால் திரும்பும் ரயிலைத் தவறவிட்டு, வாடகைக் காருக்கு 2,200 ரூபாய் கொடுத்து வீடு வந்து சேர்ந்தோம். ஆக மொத்தம் 4,350 ரூபாய். மாதம் ஒருமுறையாவது பிள்ளைகளை இப்படி வெளியே அழைத்துப்போக ஆசை. எங்கள் வருமானத்தில் இது முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முடியும். செலவுக் கணக்கைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் பதில் சொல்வது எனக்கு எளிதாகிறது. ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிக்கெட் கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான். வெளியே நிற்கும் குடும்பத் தலைவர்கள் எதற்குக் காசை எண்ணி எண்ணித் தயங்குகிறார்கள், எதற்கு யோசிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள் என்பதை அந்தச் சிறு ஜன்னல் வழியாகப் பார்த்தே பழகியிருக்கிறேன். உங்கள் 4,350 ரூபாயில் ரயிலுக்குப் போனது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பாதிக்கு மேல் போனது தவறிப்போன ஒரு ரயிலுக்காக. ஆகவே அந்தக் கார் வாடகையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு நாள் பயணத்துக்குத் திரும்பும் ரயிலில் முன்பதிவு செய்வது பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். இரவு முழுவதும் பயணம் செய்து சென்னைக்குப் போவதாக இருந்தால் அது சரியே. தொண்ணூறு கிலோமீட்டர் தூரத்துக்கு, அதுவும் கோயில் தரிசனம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாத ஒரு நாளில், அது உங்களை ஒரே ரயிலோடு கட்டிப்போடுகிறது. ரயில் கிளம்பிய பிறகு உறுதியான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. முன்கூட்டியே ரத்து செய்தாலும் இரண்டாம் வகுப்பு இருக்கைக்குத் தலைக்குக் குறைந்தது 60 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், கும்பகோணம் – திருச்சி போன்ற குறுகிய தூரத்தில் கைக்கு வருவது சில்லறைதான். முன்பதிவில்லாத டிக்கெட்டை எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டிருந்தால், தரிசனம் முடிந்து ஜங்ஷனுக்கு வந்த பிறகு எந்த ரயில் இருக்கிறது என்று பார்த்து எடுத்திருப்பீர்கள். ஒரு ரயில் போனால் அடுத்ததற்குக் காத்திருந்திருப்பீர்கள்.

அதற்காகத் திரும்பும் ரயிலைப் பற்றி யோசிக்காமல் கிளம்பலாம் என்று நான் சொல்லவில்லை. நாளைத் திட்டமிடும்போது முதலில் பார்க்க வேண்டியதே கடைசி இரண்டு ரயில்களின் நேரத்தைத்தான். கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலை உங்கள் ரயிலாகவும், கடைசி ரயிலைக் கைகாவலாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பயணிகள் ரயில்களில் சில வாரத்தில் குறிப்பிட்ட நாளில் ஓடுவதில்லை. தண்டவாளப் பராமரிப்பு நடக்கும் நாட்களில் பாதி வழியில் நின்றுவிடுவதும் உண்டு. முதல் நாள் இரவே 139 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கிழமையையும் பாருங்கள். ஞாயிறு மாலையில் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கும்பகோணம் வழியாகச் சென்னைக்குப் போகும் ரயில்களின் பொதுப்பெட்டியில் விடுமுறைக்கு வந்த பிள்ளைகளும் வேலைக்குத் திரும்புபவர்களும் நெருக்கியடித்து ஏறுவார்கள். முழங்கால் வலியுள்ள ஒரு பெரியவரையும் நான்கு வயதுக் குழந்தையையும் அந்தக் கூட்டத்தில் ஏற்றுவது தண்டனை. உங்கள் கணவருக்குச் சனிக்கிழமை விடுமுறை கிடைக்குமானால் சனிக்கிழமை போய்வாருங்கள். கிடைக்காவிட்டால், ஞாயிறு மாலையில் சென்னை ரயில்களை விட்டு, மயிலாடுதுறையோடு நின்றுவிடும் ரயில்களைத் தேர்ந்தெடுங்கள்.

இனி கட்டணம். நம் பகுதியில் ஒரே தண்டவாளத்தில், ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே, மூன்று விதக் கட்டணங்களில் ரயில்கள் ஓடுகின்றன. முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பில் சாதாரணப் பயணிகள் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். எக்ஸ்பிரஸ் ரயிலில் 30 ரூபாய். அதிவிரைவு ரயில் என்றால் அதற்கு மேல் 15 ரூபாய் சேர்ந்து 45 ரூபாய். கொரோனா காலத்தில் பாசஞ்சர் ரயில்களுக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணமே வசூலிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் பழைய 10 ரூபாய் திரும்பி வந்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் பழகியவர்கள் பலர், பாசஞ்சர் ரயிலுக்கும் இன்னும் 30 ரூபாய் என்றே எண்ணிக்கொண்டு பேருந்துக்குப் போய்விடுகிறார்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் சுமார் 40 கிலோமீட்டர். மயிலாடுதுறை சுமார் 31. இரண்டுமே குறைந்தபட்சக் கட்டணத்துக்குள் அடங்கும் தூரம். பெரியவர்கள் இருவர் தஞ்சாவூர் போய்வர பாசஞ்சரில் 40 ரூபாய், எக்ஸ்பிரஸில் 120 ரூபாய், அதிவிரைவில் 180 ரூபாய். மிச்சமாகும் நேரம் அரைமணிகூட இருக்காது. அந்த அரைமணிக்குள் பாசஞ்சர் ரயில் தாராசுரத்திலும் சுவாமிமலையிலும் பாபநாசத்திலும் அய்யம்பேட்டையிலும் நின்று நின்று போகும். உங்கள் பிள்ளைகளுக்கு ஜன்னல் வழியாக நடவு வயலையும் வெற்றிலைக் கொடிக்காலையும் காட்ட அதைவிட நல்ல வண்டி கிடையாது.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாசஞ்சர் டிக்கெட் எக்ஸ்பிரஸில் செல்லாது. நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் பொங்கல் விடுமுறையின்போது ஒரு குடும்பம் பாசஞ்சருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, முதலில் வந்து நின்ற எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டது. அடுத்த ஊரில் பரிசோதகர் இறக்கி, கட்டண வித்தியாசத்தையும் அபராதத்தையும் கேட்டபோது, தந்தையிடம் இருந்தது போதாமல், பெரியவர்கள் கொடுத்த பொங்கல் காசைச் சேர்த்து வைத்திருந்த சிறு பையை மகள் எடுத்துக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். டிக்கெட் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். செல்லுபடியாகும் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். ஐந்து பேர் குடும்பத்துக்கு அது எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியின் பெயரைக் கேட்டு, அது பாசஞ்சரா எக்ஸ்பிரஸா அதிவிரைவா என்று உறுதி செய்துகொண்டு டிக்கெட் எடுங்கள். மயிலாடுதுறை – கோயம்புத்தூர் ஜன சதாப்தி போன்ற வண்டிகளில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கு உரியவை. பொது டிக்கெட்டோடு அதில் ஏறவே கூடாது.

உங்கள் 780 ரூபாயைத் திரும்பிப் பார்ப்போம். மகனுக்கு நான்கு வயது. ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். ஆனால் இருக்கை கேட்டு முன்பதிவு செய்தீர்களானால் முழுக் கட்டணம் கொடுத்தாக வேண்டும். மகளுக்கு ஒன்பது வயது. ஐந்து முடிந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்கு முன்பதிவில்லாத பயணத்தில் அரை டிக்கெட் போதும். முன்பதிவில் படுக்கை தனியாக வேண்டாம் என்று சொன்னால் தூங்கும் வசதிப் பெட்டியில் அரைக் கட்டணம் உண்டு. ஆனால் உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்பு முன்பதிவில் அந்த வசதி கிடையாது, முழுக் கட்டணமே. ஆகவே உங்கள் குடும்பம் முன்பதிவு செய்தால் ஐந்து முழு டிக்கெட். பொதுப்பெட்டியில் போனால் மூன்றரை டிக்கெட். இதோடு தலைக்கு 15 ரூபாய் முன்பதிவுக் கட்டணமும் இணையத்தளத்தின் சேவைக் கட்டணமும் மிச்சமாகின்றன.

மாமியாருக்கு மூத்த குடிமக்கள் சலுகை கிடைக்காதா என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். நீங்களும் கேட்க நினைத்திருப்பீர்கள். 58 வயது நிறைந்த பெண்களுக்குப் பாதிக் கட்டணமும் 60 நிறைந்த ஆண்களுக்கு நாற்பது சதவீதச் சலுகையும் இருந்த காலம் 2020 மார்ச் மாதத்தோடு நின்றுபோயிற்று. அது திரும்பி வர வேண்டும் என்பது என் விருப்பம்; கோயில் கோயிலாகப் போக ஆசைப்பட்டுக் காசுக்காக வீட்டிலேயே இருந்துவிடும் முதியவர்கள் நம் ஊர்ப்பக்கம் எத்தனை பேர் என்பதை நான் அறிவேன். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்லும் துணைக்கும் உள்ள சலுகை, சில வகை நோயாளிகளுக்கும் மாணவர்களுக்கும் உள்ள சலுகைகளைப் போலவே, நீடிக்கிறது. அதற்கு ரயில்வே வழங்கும் சலுகை அட்டை வேண்டும். வயது காரணமான முழங்கால் வலிக்கு அது பொருந்தாது.

உங்கள் கணவரின் சீசன் டிக்கெட்டை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது வேலை நாளுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருக்கலாம். அப்படி இல்லை, அதில் குறித்திருக்கும் தேதி வரை கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே எல்லா நாளும், ஞாயிறும் சேர்த்து, எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். குடும்பத்தோடு தஞ்சாவூர் போகும் நாளில் அவருக்குத் தனி டிக்கெட் வேண்டாம். முன்பதிவுப் பெட்டியில் அது செல்லாது. அதிவிரைவு ரயிலுக்குக் கூடுதல் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். சீசனில் ஏற அனுமதியில்லாத எக்ஸ்பிரஸ் வண்டிகளும் உண்டு. பாசஞ்சரில் போகும்வரை இந்தக் கவலை எதுவும் இல்லை.

ஆகவே அடுத்த மாதத்துக்கு நான் தஞ்சாவூரைச் சொல்லுவேன். உங்களுக்கும் மாமியாருக்கும் இரண்டு முழு டிக்கெட், மகளுக்கு ஓர் அரை டிக்கெட். போகவர ஐந்து பேருக்கும் சேர்த்து ரயில் செலவு 60 ரூபாயைத் தாண்டாது. காலை வண்டியில் போய் முதலில் பெரிய கோயிலுக்குப் போய்விடுங்கள். மதியம் சன்னதி நடை சாத்தியிருக்கும் நேரத்தில்தான் குடும்பங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஓட்டலுக்கும் கடைத்தெருவுக்கும் போய்ச் செலவு செய்கின்றன. அந்த நேரத்தை அரண்மனைக்கும் அங்குள்ள கலைக்கூடத்துக்கும் ஒதுக்குங்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை மகளோடு நின்று நிதானமாகப் பாருங்கள், நிழலும் கிடைக்கும். ரயில் நிலையத்திலிருந்து பெரிய கோயில் அதிக தூரம் இல்லை, ஆனாலும் மாமியாருக்காக நகரப் பேருந்தில் ஏறுங்கள்.

நகரப் பேருந்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் ஆட்டோ செலவு 550 ரூபாய். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் டிக்கெட் இல்லை. உங்கள் குடும்பத்தில் நீங்கள், மாமியார், மகள் மூவரும் பெண்கள். மகன் நான்கு வயது. காசு கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டியவர் உங்கள் கணவர் ஒருவர்தான். திருச்சியில் ஜங்ஷன் பக்கத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு நகரப் பேருந்துகள் அடிக்கடி போகின்றன. மாமியாருக்கு முடியாத இடத்தில் ஒரே ஓர் ஆட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். காலை முதல் மாலை வரை ஒவ்வோர் இடத்துக்கும் ஆட்டோ என்று பழகிவிடுவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நம் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. விடியற்காலையில் கட்டுச்சோறு கட்டுவது உங்கள் ஒருவர் தலையில் மட்டும் விழாமல், முதல் நாள் இரவே புளிக்காய்ச்சலைக் கிளறி வைப்பதும் தண்ணீர் பாட்டில்களை நிரப்புவதும் கணவருடைய வேலையாக இருக்கட்டும். காலையில் சோறு வடித்துக் கிளறினால் போதும். தயிர்சாதத்தில் பாலைக் கூட்டி தயிரைக் குறைத்துப் பிசைந்தால் மதியம்வரை புளிக்காது. ஸ்ரீரங்கம் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பெருமாளைச் சேவித்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை, அது பிரசாதம். நிலையத்தில் தண்ணீர் வாங்க நேர்ந்தால் ரயில்வேயின் ரயில் நீர் ஒரு லிட்டர் 14 ரூபாய்தான்; அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொரு பயணத்துக்கு எதிர்த்திசையைப் பாருங்கள். மயிலாடுதுறையில் வண்டி மாறினால் வைத்தீஸ்வரன்கோயில், சீர்காழி, சிதம்பரம் என்று ஒரே பாதையில் வரும்; கொள்ளிடம் பாலத்தில் ரயில் போகும்போது பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள். சிதம்பரத்துக்கு நேராகப் போவதாக இருந்தால் கும்பகோணத்திலேயே சிதம்பரம் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள். தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போகும் என்பதால் இரண்டு துண்டாக எடுப்பதைவிட அது மலிவு. மயிலாடுதுறையில் அடுத்த இணைப்பு வண்டிக்கு மாறுவதற்கும் தடையில்லை. ஆனால் வைத்தீஸ்வரன்கோயிலில் இறங்கி, ஊருக்குள் போய்த் தரிசனம் செய்துவிட்டு, அதே டிக்கெட்டில் சிதம்பரம் போக முடியாது. வழியில் இறங்கித் தங்கிச் செல்லும் உரிமை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டுகளுக்குத்தான் உண்டு. இரண்டையும் பார்ப்பதானால் வைத்தீஸ்வரன்கோயில் வரை ஒன்று, அங்கிருந்து சிதம்பரத்துக்கு ஒன்று என்று தனித்தனியே எடுங்கள். கடல் பார்க்க ஆசை என்றால் மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் வழியாக நாகூரும் வேளாங்கண்ணியும் உண்டு. அந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, இரண்டு இடத்தில் மாற வேண்டும், ஆகையால் மகன் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

டிக்கெட்டைக் கைப்பேசியிலேயே எடுக்கலாம். ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில், ஆர்-வாலட் என்ற அதன் பணப்பையில் பணம் வைத்திருந்து எடுத்தால் மூன்று சதவீதம் சலுகை உண்டு. 60 ரூபாய்ச் செலவில் அது இரண்டு ரூபாய்கூட ஆகாது என்பதால், அதன் உண்மையான பயன் வரிசையில் நிற்காமல் இருப்பதுதான். இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். தாளில்லாத டிக்கெட்டை நிலையத்துக்குள் நுழைந்த பிறகு சாதாரணமாக எடுக்க முடியாது, வெளியே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். 200 கிலோமீட்டருக்குட்பட்ட முன்பதிவில்லாத டிக்கெட் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குப் போகும் முதல் வண்டி கிளம்பும் வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். ஆகையால் காலையில் கிளம்பும்போதே மாலைக்கும் சேர்த்து எடுத்து வைத்துவிடாதீர்கள். கைப்பேசியில் சார்ஜ் போய்விட்டால் பரிசோதகரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. மாமியாரும் பிள்ளைகளும் கூட இருக்கும் நாளில், நானாக இருந்தால் கவுன்டரில் தாளாகவே வாங்கி வைத்துக்கொள்வேன்.

சென்னை, கோவை என்று நீண்ட தூரம் போக நேர்ந்தால் மட்டும் முன்பதிவு செய்யுங்கள். அப்போது ஆறு பேர் வரை ஒரே டிக்கெட்டில் சேர்க்கலாம். சேவைக் கட்டணம் தலைக்கு இல்லை, டிக்கெட்டுக்குத்தான். ஏசி இல்லாத வகுப்புக்கு யுபிஐ வழியாகச் செலுத்தினால் 10 ரூபாய், மற்ற வழிகளில் 15 ரூபாய், அதற்கு மேல் வரி. ஆகவே கணவரும் நீங்களும் தனித்தனியாக எடுக்காதீர்கள். பயணத்துக்கு 60 நாள் முன்பிருந்து எடுக்கலாம்.

தஞ்சாவூர் நாளுக்கு நான் போட்ட கணக்கு இது: ரயிலுக்கு 60, கணவரின் பேருந்துக்கு 40, மாமியாருக்காக ஓர் ஆட்டோ 150, அரண்மனை நுழைவுக் கட்டணத்துக்கும் கோயிலில் அர்ச்சனைக்கும் சேர்த்து 250, பிள்ளைகள் கேட்பதை வாங்கிக்கொடுக்க 200, ஆக 700 ரூபாய். அந்தக் கடைசி 200 ரூபாயைக் குறைக்காதீர்கள், அந்த நாள் அவர்களுடையது. மகனுக்கு ஐந்து வயது நிறையும் தேதியை மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து அவனுக்கும் அரை டிக்கெட் எடுக்க வேண்டும்.